52 வயதில் சர்ஃபிங் கற்கக் கடலோரத்துக்குக் குடிபெயரலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 52. கோயம்புத்தூரில் வங்கி வேலை, வரும் டிசம்பரில் விருப்ப ஓய்வு. போன ஆண்டு மாமல்லபுரத்தில் சில நாள் சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) வகுப்புக்குப் போனதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. நீச்சல் ஓரளவு தெரியும். கணவர் கூட வருவார், ஆனால் கடலில் இறங்க மாட்டார். கோவை வீட்டை விற்றுவிட்டுக் கடலோரத்தில் மனை வாங்கலாமா, எந்த ஊர் சரிப்படும், இந்த வயதில் நிஜமாகவே கற்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

முடியும். குடிபெயரவும் செய்யலாம். வீட்டை மட்டும் இப்போது விற்காதீர்கள். ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருந்து, இரண்டு பருவமழையையும் அந்த ஊரிலேயே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்களிடம் பலர் "எதுக்குக் குடிபோகணும், லீவு நாளில் போய்க் கத்துக்கிட்டு வரலாமே" என்று சொல்லியிருப்பார்கள். இருபது வயதுக்காரருக்கு அது பொருந்தும். சனி ஞாயிறு இரண்டு நாளும் காலை மாலை கடலில் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போவார், அவர் உடம்பு தாங்கும். ஐம்பதைத் தாண்டியவருக்குத் தோளும் கீழ்முதுகும் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் ஒரு நாளாவது கேட்கும். நான்கு நாள் முகாமில் தினமும் இரண்டு வேளை இறங்கினால், மூன்றாம் நாளே கை தூக்க முடியாது, நான்காம் நாள் கற்பதெல்லாம் வீண். அப்புறம் ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நம் வயதில் சர்ஃபிங் பிடிபடுவதற்கு ஒரே வழி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி இறங்குவது. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், அதுவும் கடல் சாந்தமாக இருக்கும் காலையாகப் பார்த்து. பக்கத்தில் குடியிருந்தால்தான் இது நடக்கும். அதனால் உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. வயதானவருக்குத்தான் கடலோரத்தில் வீடு அதிகம் தேவை.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் அதுதான். வாரத்தில் மூன்று நாள் இறங்கினால் நான்கு நாள் இறங்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கடல் பக்கமே போக முடியாது. ஆக, அந்த ஊரில் நீங்கள் வாழப்போகும் நாட்களில் பெரும்பகுதி சர்ஃபிங் இல்லாத நாட்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓய்வு நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கற்றுக்கொள்பவருக்கு வேண்டியது இடுப்பளவு அலையும் மணல் தரையும்தான், அது நம் கரையில் பல இடங்களில் கிடைக்கும். ஆஸ்பத்திரி, பேச்சுத்துணை, நடக்க ஒரு தெரு, உங்கள் கணவருக்குப் பொழுது போக ஓர் இடம், இதெல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்காது.

முதலில் பருவத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஊர் அதற்கப்புறம். சென்னையிலிருந்து புதுச்சேரி வரையிலான கரையில் நல்ல காலம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள், ஏறக்குறைய ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வரும். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் வழவழவென்று நிமிர்ந்து நிற்கும். பத்து பதினொரு மணிக்குமேல் கடற்காற்று திரும்பி, எல்லாம் கலைந்து கசங்கிப் போகும். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பை மாமல்லபுரத்தில் நடத்தினார்கள். இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியது அதில்தான். ஆகஸ்டு இந்தக் கரைக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதற்கு அதுவே போதும். ஆனால் போட்டிக்காரர்களுக்கு நல்ல நாள் உங்களுக்கு நல்ல நாள் அல்ல. அந்த மாதங்களிலும் சின்ன அலை வரும் நாட்களாகப் பார்த்துத்தான் நீங்கள் இறங்க வேண்டும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கியே அடிக்கும். அலை ஒழுங்கில்லாமல் வரும், கரையோர நீரோட்டம் திசை மாறித் தெற்கு நோக்கி இழுக்கும், முகத்துவாரங்கள் திறந்து ஊர் அழுக்கெல்லாம் கடலில் சேரும். கனமழை பெய்த பிறகு சில நாட்களுக்கு இறங்கவே கூடாது. காது, தோல், வயிறு மூன்றும் கெடும். புயலும் இந்தக் காலத்தில்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கடந்தபோது அந்த ஊரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இந்த மூன்று மாதமும் எப்படிப் போகும் என்று பார்க்காமல் யாரும் கடலோரத்தில் வீடு வாங்கக் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை கடல் சின்னதாக, சாந்தமாக இருக்கும். சர்ஃபிங் தெரிந்தவர்களுக்குச் சலிப்பான காலம். புதிதாகத் தொடங்கும் நம் வயதுக்காரருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. டிசம்பரில் ஓய்வு என்கிறீர்கள், தானாகவே சரியாக அமைந்திருக்கிறது.

கேரளக் கரை இதற்கு நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் கொந்தளிக்கும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும். அதனால் கிழக்கில் குடியிருந்துகொண்டு, இங்கே மழை கொட்டும்போது வர்க்கலாவுக்கோ திருவனந்தபுரம் கோவளத்துக்கோ இரண்டு வாரம் போய் வருவது பலருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு. இலங்கையிலும் இப்படித்தான். தெற்கே வெலிகம நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கிழக்கே பொத்துவில் பக்கத்து அறுகம் குடா மே முதல் அக்டோபர் வரை. வெலிகமவின் வளைகுடா மணல் தரையும் மெதுவாக உடையும் அலையும் கொண்டது, கற்பவருக்கென்றே அமைந்த மாதிரி. ஒரு முறை போய் வாருங்கள், கையோடு கொஞ்சம் தைரியமும் வரும்.

இப்போது ஊர்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்வது சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தானாகவே கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வளர்த்த இடம். இன்று அங்கே பயிற்றுநர்களாக இருப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள். கடலில் அவர்களுக்கு இருக்கும் கணிப்பு எந்தச் சான்றிதழும் தராது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று 2021இல் அதற்குக் கிடைத்தது. கேளம்பாக்கத்தில் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சில கிலோமீட்டரில் இருக்கிறது. தோள் விலகினால், தலையில் பலகை அடித்தால், நெஞ்சு வலித்தால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று நம் வயதில் கேட்டே ஆக வேண்டும். குறை என்று பார்த்தால் சனி ஞாயிறு கூட்டம். உங்களுக்குத்தான் வேலை இல்லையே, செவ்வாய்க்கிழமை இறங்குங்கள்.

மாமல்லபுரம் ஓய்வு நாளுக்கு இன்னும் நல்ல ஊர். நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம், வெளியூர்க்காரர் வந்து போவதால் புதியவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை, உங்கள் கணவர் சிற்பத்திலோ வரலாற்றிலோ கொஞ்சம் ஆர்வம் உள்ளவரானால் அவருக்கு வருடக்கணக்கில் பார்க்கவும் படிக்கவும் இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைக்குச் செங்கல்பட்டு போக வேண்டும், சுமார் 30 கி.மீ. இரண்டு ஊருக்கும் நடுவில் எங்காவது வீடு பார்த்தால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

புதுச்சேரியில் சர்ஃபிங் என்றால் ஊருக்கு வடக்கே தந்திராயன்குப்பம், செரினிட்டி பீச் என்பார்கள். அங்கே எனக்குத் தயக்கம் உண்டு. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகச் சுவர் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டு, வடக்குக் கரை அரித்துப்போனது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். தூண்டில் வளைவை ஒட்டி அலை அழகாக உடையும், ஆனால் அதே கல்லை ஒட்டித்தான் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரோட்டமான இழுப்பும் ஓடும். வழுக்கினால் கீழே மணல் இருக்குமா கல் இருக்குமா என்று தெரியாத இடத்தில் 52 வயதில் தொடங்க வேண்டாம். மற்றபடி வாழ்வதற்குப் புதுச்சேரி அருமையான ஊர், ஜிப்மர் இருக்கிறது, ஆரோவில் பக்கம் உங்கள் வயதில் புதிதாக எதையோ கற்றுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நன்றாக நிற்கக் கற்ற பிறகு அங்கே மாறிப்போகலாம்.

வர்க்கலா குன்றின்மேல் இருக்கும் ஊர், கடற்கரைக்குப் படியிறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டக் கரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேரளத்திலும் நம் தென்கோடியிலும் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் வீசிய புயலின் அலை நாட்கள் கழித்து இங்கே வந்து திடீரென்று கரையேறும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அப்படி அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியிடுகிறது. எந்தக் கரையில் குடியேறினாலும் காலையில் எழுந்ததும் அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட வேண்டும்.

அலை முன்னறிவிப்பு பார்க்கும் ஆப்களில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. ஒரு மீட்டர் அலை 7 விநாடி இடைவெளியில் வந்தால் பொசுக்கென்று உடையும். அதே ஒரு மீட்டர் 14 விநாடியில் வந்தால் பின்னால் பெரிய நீர்த்திரள் தள்ளிக்கொண்டு வரும், கரைக்கு வந்ததும் உயரமும் கூடிவிடும். உங்களுக்கு முதல் ஆண்டுக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் போதும்.

இனி உடம்பு. போவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். பலகையில் படுத்துத் துழாவும்போது இதயத்துடிப்பு மடமடவென்று ஏறும், நடைப்பயிற்சியில் தெரியாத குறை அதில் தெரியும். மாதவிடாய் நின்ற பெண் என்றால் எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிடுவது நல்லது. இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரிய அலையே அதற்குத் தேவையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு இறங்கவே கூடாது. என்ன சாப்பிட்டுவிட்டு இறங்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவையில் இருக்கும் மிச்ச மாதங்களில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். "ஓரளவு தெரியும்" போதாது. நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், கால் தரையில் படாமல் பத்து நிமிடம் மிதக்கவும் வர வேண்டும். பலகை கூடவே மிதக்கும்தான், அதைக் காலோடு இணைக்கும் லீஷ் கயிறு கட்டியிருக்கும்தான், லீஷ் அறுந்தால் நீங்களும் கடலும்தான். நீச்சல் உறுதியாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால்தான் பயம் போகும். பயம் போனால்தான் உடம்பு தளர்ந்து கற்றுக்கொள்ளும்.

எழுந்து நிற்பது பற்றி விரிவாகச் சொல்கிறேன், வயதானவர்கள் மனம் உடைவது இங்கேதான். இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை, கையை ஊன்றி ஒரே தாவலில் இரண்டு காலையும் அடியில் கொண்டுவருவது. இடுப்பும் வயிறும் அதற்கு ஒத்துழைக்காதவர் முழங்காலை ஊன்றிவிடுவார், அங்கேயே பலகை ஆடிக் கவிழும். உங்கள் பயிற்றுநரிடம் படிப்படியாக எழும் முறையைக் கேளுங்கள். உள்ளங்கைகள் கடைசி விலா எலும்பு இருக்கும் இடத்தில், பலகையின் மேல் தட்டையாக இருக்கட்டும். விளிம்பைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் பலகை அந்தப் பக்கம் சாயும். மார்பைத் தூக்குங்கள். பின்னங்காலை முதலில் மடக்கி, பாதத்தின் உள்பக்கம் பலகையில் படுமாறு இடுப்புக்குக் கீழே கொண்டுவந்து ஊன்றுங்கள். இப்போது ஒரு பாதம், இரண்டு கை என்று மூன்று ஊன்றுகோல் இருக்கிறது, அவசரமில்லை. அப்புறம் இடுப்பைத் தூக்கி முன்னங்காலை இரண்டு கைக்கும் நடுவில் வையுங்கள். கடைசியாகத்தான் கையை எடுக்க வேண்டும், அப்போதும் முட்டி மடங்கியே இருக்க வேண்டும், பார்வை கரையில் இருக்க வேண்டும். பலகையைப் பார்த்தீர்களானால் பலகைக்குள்ளேயே விழுவீர்கள். இதை வீட்டுக் கூடத்தில் ஒரு பாயை விரித்து, தினமும் காலை பத்து முறை செய்யுங்கள். இரண்டு மாதத்தில் உடம்புக்குத் தானாக வந்துவிடும், கடலில் போய் யோசிக்க வேண்டியதில்லை.

விழுவதும் கற்க வேண்டிய பாடம். தலைகீழாகப் பாயாதீர்கள், காலையும் விறைப்பாக ஊன்றாதீர்கள். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ தட்டையாக விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். பலகை எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை கையை எடுக்காதீர்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது. புதியவர்களுக்கு வரும் அடிகளில் பல சொந்தப் பலகை இடித்து வருபவை.

இன்னொன்று, அரிதானது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வகுப்புகளில் குப்புறப் படுத்து முதுகை வில்லாக வளைத்தபடியே நெடுநேரம் கிடப்பவர்களில் சிலருக்குத் தண்டுவடத்துக்கு இரத்தம் குறைந்து கால் செயலிழந்திருக்கிறது. நடுநடுவே பலகையிலிருந்து இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நில்லுங்கள். திடீரென்று முதுகு வலித்து, கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ "சரியாகிடும்" என்று இருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இழுப்பு பற்றி உங்கள் பயிற்றுநர் சொல்வார், நானும் சொல்கிறேன். கரைக்கு வந்த தண்ணீர் ஏதோ ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். அது போகும் வழியில் அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும். குளிக்க வருபவர் அதைப் பார்த்துத்தான் "இங்கே அலை இல்லை" என்று இறங்குகிறார். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். பலகையை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி வெளியே வந்து, அலை உடையும் இடத்தில் அலையோடு கரை சேருங்கள்.

பெண் என்பதால் வரும் கேள்விகளை நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். உடை பற்றிக் கவலை வேண்டாம். முழுக்கை ரேஷ்கார்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் மேல்சட்டை) கணுக்கால்வரை லெகிங்ஸும் இங்கே கடலில் எல்லாரும் போடுவதுதான், வெயிலுக்கும் பலகை உரசுவதற்கும் அதுதான் நல்லது. பருத்திச் சுடிதாரோடு இறங்காதீர்கள், நனைந்தால் கனக்கும், காலில் சுற்றும். மோதிரம், வளையல், மெட்டி கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலி பலகையில் மாட்டி அறுந்தால் கடல் திருப்பித் தராது. பலர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், மனசு கேட்காதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து ரேஷ்கார்டுக்குள் விட்டுக்கொள்கிறார்கள். அன்று காலை எண்ணெய் தேய்க்காதீர்கள், தலையிலிருந்தும் மார்பிலிருந்தும் எண்ணெய் பலகையில் பட்டால் கை வழுக்கும். பயிற்றுநர் உங்கள் பிள்ளை வயதில் இருப்பார், "அக்கா" என்றோ "அம்மா" என்றோ கூப்பிடுவார், அலை வரும்போது முதுகுக்குப் பின்னால் நின்று பலகையைத் தள்ளுவார். அது சங்கடமாக இருந்தால் பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். ஆனால் கடலில் அவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வயதைக் காட்டி வாதாடாதீர்கள்.

குடியேறும் ஊர் மீனவர்களின் ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் விளையாடும் இடம் அவர்கள் வேலை செய்யும் இடம். ஃபைபர் படகுகள் காலையில் திரும்பி வந்து கரையேறும் பாதையில் நிற்காதீர்கள், எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அலையோடு வரும் படகால் ஒதுங்க முடியாது. கரைவலை இழுக்கும்போது கயிறு நெடுந்தூரம் போகும், அதற்குள் போர்டோடு போகக் கூடாது. ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் பல குப்பங்களில் இருக்கிறது, அன்று நீங்களும் பலகையை எடுக்க வேண்டாம். மாசி மகத்தன்று சாமி கடலுக்கு வரும்போது கரையில் நின்று கும்பிடுங்கள். மீனைக் கரையிலேயே வாங்குங்கள். சில மாதத்தில் காலையில் உங்களைப் பார்த்ததுமே "இன்னைக்கு நீவாடு ஜாஸ்தி, போவாதம்மா" என்று யாராவது சொல்வார்கள். நீவாடு என்றால் நீரோட்டம். அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் ஆப்பைப் பார்க்க வேண்டிய தேவை பாதி குறையும்.

வீடு. கடலைப் பார்த்த வீடு வேண்டாம். ஒரு கிலோமீட்டராவது உள்ளே தள்ளி, முதல் மாடியில் பாருங்கள். உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் செயின் எல்லாவற்றையும் தின்னும். போர் தண்ணீரை மே மாதத்தில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், மழை முடிந்த ஜனவரியில் எல்லாக் கிணறும் இனிக்கும். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தை ஜனவரியில் தொடங்கினால் நவம்பர் வரை போகும், டிசம்பருக்கும் நீட்டித்துக்கொள்ளுங்கள், வருடம் முழுக்கப் பார்த்துவிடலாம்.

மனை வாங்குவதைப் பற்றி. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) நெடுக "கடல் பார்த்த மனை" என்று விளம்பரம் இருக்கும். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை பொதுவாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும், அதற்குள் என்ன கட்டலாம், எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. விற்பவர் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பார். பட்டா, வில்லங்கச் சான்று, புறம்போக்கா இல்லையா என்பதோடு, அந்தச் சர்வே எண் மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று வழக்கறிஞரை வைத்துப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். ஓய்வுப் பணம் ஒரு முறைதான் வரும். கோவை வீட்டை வாடகைக்கு விடுங்கள், அந்த வாடகை இங்கே வாடகைக்கு ஆகட்டும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒன்று. அவர் கரையில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதையே வேலையாக வைத்துவிடாதீர்கள், இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். உங்களுக்குச் சர்ஃபிங் இருப்பதுபோல அவருக்கென்று ஒன்று அந்த ஊரில் இருக்கிறதா என்று குடிபோவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து தேடுங்கள். குடிபெயர்ந்தவர்களில் திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலால் திரும்புவதில்லை, கூட வந்தவருக்கு ஊர் ஒட்டாததால் திரும்புகிறார்கள்.

எவ்வளவு நாளில் வரும்? வாரம் மூன்று முறை என்று வைத்துக்கொண்டால், முதல் சில மாதம் உடைந்த அலையின் வெள்ளை நுரையில்தான். அதில் எழுந்து நின்று கரைவரை வருவது மழைக்காலத்துக்கு முன் நிச்சயம் வந்துவிடும். உடையாத பச்சை அலையைப் பயிற்றுநர் தள்ளாமல் நீங்களே துழாவிப் பிடிப்பது அடுத்த ஆண்டு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே வந்தால் சந்தோஷம். இங்கே அறுபதைத் தொட்டவர்கள் அந்த நுரையிலேயே காலை முழுக்க மகிழ்ச்சியாக இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன், அவர்களில் நானும் ஒருத்தி.

கடைசியாக, பலகை. உடனே வாங்காதீர்கள். பள்ளியில் மாத வாடகைக்கு எடுங்கள், அங்கேயே வைத்துவிட்டும் வரலாம், தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மேற்புறம் ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் 9 அடிப் பலகை கேளுங்கள். பலகையின் கொள்ளளவு லிட்டர் கணக்கில் அதன்மேல் எழுதியிருக்கும், அது உங்கள் எடையின் கிலோ எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது. யாராவது "இவ்வளவு பெரிசு எதுக்கு, சின்னது எடுங்க, ஸ்டைலா இருக்கும்" என்றால் கேட்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு அந்த 9 அடிதான் உங்கள் பலகை.